கடைசிப் பெயர்

ஸ்காபரோ நூலகத்தில், தமிழ்த் தட்டின் கீழ் வரிசையில்
கதிர்காமத்தம்பிகள் மூன்று பேர்.
அடுக்குவது என் வேலை.
மூவரில் ஒருத்தி நான்.

பரஞ்சோதி கதிர்காமத்தம்பி: ஐந்து துப்பறியும் நாவல்,
எல்லா அட்டையிலும் ஒரே கத்தி.
ஆள் இப்போது இல்லை. ஆனாலும் அவரைத்தான்
சனம் சொல்லிவைத்து எடுக்கிறது.
திரும்பும்போது தேத்தண்ணிக் கறை,
ஒருமுறை பக்க அடையாளமாய் ஒரு பல்குத்தி.

திருவரன் கதிர்காமத்தம்பி: வினிபெக்.
பனியில் நின்றுபோன லொறிகளும்
பேச்சை நிறுத்திய மனைவிகளும்.

தவமலர் கதிர்காமத்தம்பி:
எழுபத்திரண்டு பக்கம். மெலிந்த முதுகில்
பெயர் மூச்சடக்கிச் செங்குத்தாய் நிற்கிறது.
ஆறு வருசத்தில் நான்கு தடவை வெளியே போனது.
ஒரு தடவை நானே எடுத்தேன்.

"பரஞ்சோதியின்ர மகளோ?" என்பார்கள்.
இல்லை. அது மூன்று ஊரில்
முருகனுக்கு நேர்ந்து பிறந்த மூன்று பிள்ளைகள்.
ஒருவரையொருவர் கண்டதேயில்லை.
அவர்களின் பிள்ளைகள் நாங்கள், விமானம் இறங்கி
படிவத்தில் ஒரு வெற்றுக் கட்டத்தைக் கண்டோம்.
அவ்வளவுதான் எங்கள் குலவரலாறு.

ஊரில் அப்பா ஒரு எழுத்து.
'க' போட்டுப் பக்கத்தில் ஒரு புள்ளி,
மிச்சமெல்லாம் நான்.
இங்கே நூலக ஒட்டில் அவர் முழுசாய் நிற்க
காற்புள்ளிக்குப் பின்னால் நான் வெறும் 'த'.
சுகாதார அட்டையில் அவருக்கே இடம் போதவில்லை:
பதினாறு ஆங்கில எழுத்து, பதினைந்து கட்டம்.
"கதிர்காமத்தம்ப்" என்று கூப்பிடுகிறாள் தாதி.
எழுந்து போகிறேன்.

அப்பா எழுதியது ஒன்றுதான்.
பதினாலு வயதில் நான் கவிதை எழுதிய கொப்பியில்,
என் வரிகளுக்கு மேலேயே, சிவப்புப் பென்சிலால்
மண்ணெண்ணெய்க் கணக்கு.
"வெறுங்கொப்பி எண்டு நினைச்சன்" என்றார்.
பிறகு வந்த விமர்சனங்கள்
அதைவிட நீளம், வேறொன்றுமில்லை.

மாசியில் ஒரு காசோலை வந்தது,
புத்தகம் நூலகத்தில் இருந்ததற்கான கூலி.
'தி'யும் 'த'வும் ஆங்கிலத்தில் ஒரே தலையெழுத்து.
நூற்றெண்பத்தாறு டொலர்.
எனக்கு அவ்வளவு வராது. வினிபெக்குக்கு எடுத்தேன்.

சிரித்தார். முத்திரைக் காசைக் கழிக்கச் சொன்னார்.
பிறகு, "உங்கட அப்பா என்ன மாதிரி ஆள்?"
கொப்பிக் கதையைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை. அந்தப் பக்கம் கேத்தல் கொதித்தது.

"என்ர அப்பாவை நான் கண்டதில்லை.
எனக்கு மூன்று மாதம், சந்தைக்கெண்டு போன மனுசன்.
ஒருநாள் ஏதும் புத்தகத்தைத் திருப்பிப் பாத்தால்
தன்ர பெயரெண்டு தெரியட்டும் எண்டுதான்
முழுசாய்ப் போட்டது."

அம்மாவின் பெயரைக் கேட்டார், சொன்னேன்.
தன்னுடைய அம்மாவின் பெயரைச் சொன்னார்.
எந்தப் புத்தகத்தின் முதுகிலும் ஏறாத இரண்டு பெண்கள்
ஒரு மணி நேர வித்தியாசத்தில்
தொலைபேசிக்குள் நின்றார்கள்.
வங்கி கேட்கும் இரகசியக் கேள்விகூட
அம்மாவின் அப்பாவைத்தான் கேட்கிறது.

இன்று திரும்பிய வண்டிலில் பரஞ்சோதி மூன்று.
திருவரன் வெளியே, ஏப்ரல் வரை.
அவர் இல்லாவிட்டால் என் புத்தகம்
நேரே கத்தியின் மேல் சாய்கிறது.

மகளின் கடைசிப் பெயர் என் கணவரின் பெயர்.
வேறு எழுத்து, இரண்டு தட்டுத் தள்ளி.
எழுதினால் என் பக்கத்தில் வைக்க விதியில்லை.
இப்போதைக்கு அவள் எழுதவில்லை,
புதன்கிழமைகளில் நீச்சல் பழகுகிறாள்.
துவாயில் 'மலர்' என்று மட்டும் தைத்திருக்கிறாள்.
அது என்னுடைய துவாய் என்றேன்.
தெரியும் என்றாள்.